அறிஞரும் அரைக்கால் அங்குலமும்

மனித வர்க்கத்தை ஆஸ்திகர், நாஸ்திகர் என்று பிரிப்பதைக் காட்டிலும், அளவுகோலின் அங்குல ஓரத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்றும், மறு ஓரத்துச் சென்டிமீட்டரைக் கொண்டே ஆயுளைக் கடத்திவிடுபவர் என்றும் பிரிப்பதுதான் பிரயோஜனமுள்ள காரியம் என்பது என் சித்தாந்தம். பள்ளிக்கூடத்து அடிஸ்கேலில் 12 அங்குலமும் 30 சென்டிமீட்டரும் பங்காளிகளைப்போல் ஒரே மரத்துண்டில் குடியிருக்கின்றன என்றாலும், 12 அங்குலம் என்பது 30.48 சென்டிமீட்டர் ஆதலால், கடைசி அரை சென்டிமீட்டர் அளவுக்கு அவற்றினிடையே எல்லைத் தகராறு தீர்ந்தபாடில்லை.

என் வீட்டில் புத்தக அலமாரி செய்ய ஆசாரி வந்திருந்தபோது, கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற நண்பர் ஒருவர், யாரும் கேளாமலே மேற்பார்வைப் பதவியை ஏற்றுக்கொண்டார். ஆசாரி டேப்பை இழுத்துச் சுவரில் வைத்து, "ரெண்டடி மூணு அங்குலம் அஞ்சு நூல்" என்றார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர் என்பதை நான் எடுத்துச் சொன்னதும், நண்பர் அதை 27.625 என்று தசமமாக்கி, 2.54-ஆல் பெருக்கி, விடையை மறுபடியும் சரிபார்த்து, "70.1675 சென்டிமீட்டர்!" என்று கம்பீரமாக அறிவித்தார். "சரிங்க சார், பலகையை அறுத்தாச்சு" என்றார் ஆசாரி, சற்றும் விநயம் குன்றாமல்.

நண்பர் தளரவில்லை. டேப்பின் நுனியிலிருந்த கொக்கி முன்னும் பின்னும் ஆடுவதைக் கண்டுபிடித்து, இப்படிப்பட்ட உபகரணத்தால் அளந்த அலமாரி எந்த லக்ஷணத்தில் இருக்கும் என்று கேட்டார். அந்தக் கொக்கி தன் சொந்தக் கனத்தின் அளவுக்கு ஆடும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது வெளியே நகர்ந்தும், சுவரில் முட்டி அழுத்தும்போது உள்ளே நகர்ந்தும், இரண்டு விதத்திலும் கணக்கை நேர்செய்துவிடுவது. ஆசாரி இவ்வளவு பிரசங்கம் செய்யவில்லை. "ஆடலேன்னாத்தான் சார் தப்பு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அளவுகோலின் அங்குல ஓரத்திலுள்ள கோடுகளில் பிரம்ம ரகசியம் ஒன்றுமில்லை. அங்குலத்தின் நடுவே நிற்கும் நெடுங்கோடு அரை; அதனிலும் குட்டையானது கால்; அதனிலும் குட்டையானது அரைக்கால்; எல்லாவற்றிலும் குறுகியது வீசம். பாதி, பாதியில் பாதி என்று செல்லும் இந்த வரிசையை, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரல் தேய எழுதிய நம் பாட்டனார்கள், சீமை அளவுகோலைக் கண்ணால் காணும் முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். மூன்று சின்னக் கோடுகள் தாண்டினால் அவர்களுக்கு மும்மாகாணி. நமக்கோ பதினாறில் மூன்று என்று மேலும் கீழும் எழுதிப் பார்த்தாலொழிய மனசில் ஏறாது. ரூபாய்க்குப் பதினாறு அணா வழங்கிய வரையில் ஓரணாவே ஒரு வீசமாக இருந்து, சந்தைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பாடத்தை இலவசமாக நடத்தி வந்தது. 1957-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் நயா பைசா வந்து அந்த வாத்தியாருக்கு ஓய்வு கொடுத்துவிட்டது.

தசமத்தின்மேல் எனக்குத் துவேஷம் கிடையாது. 1959-ல் ஆங்கிலம் பேசும் ஆறு தேசங்கள் கூடி, ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று தீர்மானித்த பிறகு, அங்குலமே மீட்டரின் தயவில்தான் ஜீவிக்கிறது என்று நண்பர் வாதாடியபோது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கயிற்றைக் கையில் கொடுத்துப் பத்துச் சமபாகமாக்கச் சொன்னால் மகா மேதையும் விழிப்பான். எட்டாக்கச் சொன்னால் மூன்று முறை மடித்துக் குழந்தையும் நீட்டிவிடும். இதனாலேதான், மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-லேயே நிறைவேறியும், மரக்கடையில் ஒட்டுப்பலகை இன்றுவரை எட்டடிக்கு நாலடி நீள அகலத்திலும் 18 மில்லிமீட்டர் கனத்திலுமாக, இரண்டு ராஜ்யத்துப் பிரஜையாக விற்பனையாகிறது போலும்.

அளவுகோல் வாங்கப் போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அங்குல ஓரமெல்லாம் ஒரே ஜாதி என்று நம்பிவிடாதீர்கள். ஓர் அங்குலத்துக்கு உள்ளே இருக்கும் கோடுகளை முதலில் எண்ணிப் பாருங்கள்: பதினைந்து இருந்தால் அது வீசக் கணக்கு; ஏழு இருந்தால் நூல் கணக்கு; ஒன்பது இருந்தால் அது என் நண்பருக்காகவே செய்யப்பட்ட தசம அங்குலம், அதை ஆசாரியிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.