மாப்பிள்ளை வைக்கும் மொய்

ஏழைக்கு ஒரு வீடென்றால் மொய் எழுத எத்தனை பேர்! பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில் மத்திய அரசு 1.5 லட்சம் ரூபாய். மேலே மாநில அரசு. உலக வங்கியும் 2020-இல் தமிழக வீட்டுவசதிக்கு 20 கோடி டாலர், தனியாக இன்னொரு 5 கோடி டாலர் கடன் என்று ஒப்புதல் தந்தது. பிந்தையதில் 3.5 கோடி டாலர், குறைந்த விலை வீடுகளுக்கு முதலீடு திரட்டும் தமிழ்நாடு உறைவிட நிதியத்துக்கு. அதைப் பார்த்துத் தனியார் முதலீட்டாளர்களும் ஓடி வருவார்களாம். லாபம் கேட்க மாட்டார்கள், பாவம்.

கடைசியில் ‘பயனாளி பங்களிப்பு’ என்று மாப்பிள்ளையிடமே மொய் கேட்பார்கள்.

சரி, வீடு எப்படி? சென்னையில் பெரம்பூருக்குப் பக்கத்தில், புளியந்தோப்பு கே.பி. பார்க்கில், 2021-இல் புதுக் குடியிருப்பின் பூச்சு கை பட்டாலே உதிர்ந்தது. அதே ஆண்டு, அதைக் கட்டிய குடிசை மாற்று வாரியம் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆனது. பெயர் உதிரவில்லை.

நகருக்குள் நிலம் விலை அதிகம் என்பதால் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கட்டினார்கள். அந்த மிச்சத்தைக் குடியேறியவர் தினமும் பஸ் டிக்கெட்டாகக் கட்டுகிறார். பெண்களுக்கு 2021 முதல் சாதா பஸ்ஸில் இலவசம்; அவர்கள் நேரத்தை மட்டும் கொடுத்தால் போதும்.