தவணை தப்பிய மாத்திரை

மார்செய்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

இவ்விடம் நான், என் வீட்டார், பிள்ளைகள், நாய் ஆகிய அனைவரும் க்ஷேமம். குடும்பத்தாரோடு நாயையும் சேர்த்து எழுதியிருப்பதைக் கண்டு அக்கா சிரிப்பாள். ஆனால் நம் ஊரிலே பிரெஞ்சுத் தூதரக வாசலில் மூன்று தலைமுறையாக மனிதர்கள் காத்துக் கிடக்கும் பாஸ்போர்ட்டை, இங்கே கால்நடை வைத்தியரே எழுதி நாய்க்குக் கொடுத்துவிடுகிறார் என்றால், அந்த ஜீவனின் அந்தஸ்தைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். வம்சாவளிப் பத்திரம் உள்ள நாய்களுக்கு, பிறந்த வருஷத்திற்கென்று விதித்த எழுத்தில் பெயர் தொடங்குவது இத்தேசத்து வழக்கம். நம்மவர் நக்ஷத்திர பாதம் பார்த்து முதலெழுத்து வைப்பதைப் போன்ற இந்தச் சம்பிரதாயத்தின்படி, 2021-இல் பிறந்த எங்கள் நாய்க்கு 'எஸ்' வாய்க்கவே, என் மகள் அதற்குச் சோக்ரத் என்று கிரேக்க ஞானியின் பெயரைச் சூட்டினாள்.

நிற்க. தங்கள் நாய் மணிக்கு இதயப்புழு மாத்திரை ஒரு மாதம் விட்டுப்போயிற்று என்றும், இனி என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அதே விபத்து இங்கும் நேர்ந்தது. பாலாடைக்கட்டியில் பொதிந்து கொடுத்த மாத்திரையை, கட்டியை மட்டும் நக்கித் தின்றுவிட்டு, சோபாவுக்கு அடியில் துப்பி வைத்திருந்தது எங்கள் ஞானி. மாதம் முடியும் தறுவாயில் வீட்டைப் பெருக்கும்போது, நாய்மயிரும் தூசியும் ஒட்டி, ஒரு பக்கம் பல் பட்டு மழுங்கிய நிலையில் அது வெளிப்பட்டது. விஷக் கோப்பையையே முகம் சுளிக்காமல் வாங்கிக் குடித்தவரின் பெயர் வைத்து என்ன பிரயோஜனம்!

தவணை தப்பியது என்றதும் எனக்கு அடிவயிறு கலங்கியதற்கு வம்ச காரணம் உண்டு. 1962 ஆகஸ்டு 16-இல் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த உடன்படிக்கை அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள் அல்லவா? பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த என் மனைவியின் தாத்தா காலத்தில் எழுதிக் கொடுத்தார். எங்கள் தாத்தாவோ, அறுவடை முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று ஒத்திப்போட்டு, மாசி மகமும் கழிந்து போய் நின்றபோது கதவு சாத்தியாகிவிட்டது. நான் இத்தேசத்திற்கு மனைவி வழியாக வந்து சேர்ந்த கதை தாங்கள் அறிந்ததே.

ஆனால் சர்க்கார்களைக் காட்டிலும் புழு தயாள குணம் உடையது என்பதை வைத்தியப் பெண்மணி விளக்கினார். கொசுக்கடியின் வழியே நாயின் உடம்பில் புகும் இளம்புழு உடனே இதயத்திற்கு ஓடிவிடுவதில்லை. ஏறக்குறைய இரண்டு மாத காலம் தோலடியிலும் தசையிலும் வளர்ந்து, அதன்பிறகே இரத்தத்தில் இறங்கி, நுரையீரல் தமனிகளையும் இதயத்தையும் அடைந்து, ஆறாம் மாதத்திற்குமேல் நுண்புழுக்களை ஈன்று, பெண்புழு ஓரடி நீளம் வரை வளர்ந்து, ஐந்தாறு வருஷம் குடியிருக்கிறது. மாதாந்தர மாத்திரையோ வரும் மாதத்திற்குக் காப்பு அன்று. போன மாதத்தில் புகுந்தவற்றுக்குப் பரிகாரம். ஆகவே சில வாரத் தாமதம் தெரிந்தவுடனே ஒரு வேளை மாத்திரை கொடுத்து, அன்றிலிருந்து மாதக் கணக்கைத் தொடங்க வேண்டும். விட்டதற்கும் சேர்த்து இரட்டையாகக் கொடுப்பது கூடாது. இரத்தப் பரிசோதனை பருவமடைந்த பெண்புழுவைத்தான் கண்டுபிடிக்குமாதலால், இன்று சுத்தம் என்று வந்தாலும் அதை நம்பி இருந்துவிடாமல், ஆறேழு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இடைவெளி இரண்டு மூன்று மாதமாகிவிட்டால், வைத்தியரைக் கேளாமல் மாத்திரையைத் தொடவே கூடாது. முற்றிய நோய்க்கு மருந்து ஆர்சனிக் கலந்த ஊசி. நம் சித்தர்கள் பாஷாணம் என்பார்களே, அந்த வர்க்கம்!

நம் உழவர்கரைக்கு இது முற்றிலும் அந்நிய விஷயமன்று. யானைக்கால் புழுவைத் தேடி, அது இரவில்தான் இரத்தத்தில் உலவும் என்பதனால், தூங்கப் போகும் வேளையில் கதவைத் தட்டி விரலைக் குத்தியவர்களைத் தங்களுக்கு நினைவிருக்கும். 1975-இல் புதுச்சேரியில் ஏற்பட்ட கொசு ஆராய்ச்சி மையமும் நம் பக்கத்து இந்திரா நகரில்தானே இருக்கிறது! அக்காலத்தில் நாம் விழுங்கிய அதே டைஎத்தில்கார்பமசினைத்தான் மேல்நாட்டு நாய்களும் முன்பு தினந்தோறும் விழுங்கின. ஜப்பானிய மண்ணில் ஓமுரா என்ற விஞ்ஞானி கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த ஐவர்மெக்டின் 1987-இல் நாய்களுக்கு வந்த பிறகே, தினசரி என்பது மாதாந்தரமாயிற்று. அதற்காக அவருக்கும், அதை மருந்தாக்கிய காம்பெலுக்கும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஐவர்மெக்டின் என்ற அதே பெயரைக் கேட்டு, மாட்டுக்குப் போடும் ஊசியைக் கண்மதிப்பாக மணிக்குப் போட்டுவிட வேண்டாம். அளவு மிஞ்சினால் நாய்க்கு நரம்புக் கோளாறு வரும், கோலி போன்ற சில ஜாதிகளுக்குக் கொஞ்சம் மிஞ்சினாலே வரும்.

இதயப்புழு நம் தேசத்தில் வடகிழக்கு மாகாணங்களிலேதான் அதிகம்; தென்னாட்டில் பெரிதும் காணப்படுவது தோலடியில் தங்கும் அதன் பங்காளி. ஆயினும் மணியைக் குரும்பாபேட் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை அழைத்துப் போவது உத்தமம். போகும்போது அக்காவையும் கூட்டிச் செல்லுங்கள். கடைசியாக மாத்திரை கொடுத்த தேதியை அங்கே முதலில் கேட்பார்கள், தேதி நினைவிருப்பது நம் குடும்பத்தில் அவள் ஒருத்திக்குத்தான்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்