சராசரி சொல்லும் பொய்: கேள்வியும் பதிலும்

தோட்ட அலுவலக வாசகர், மஸ்கெலியா: மாதம் முழுக்கச் சேர்வர் சிட்டாகப் பறக்கிறது. சம்பளக் கணக்குப் போடும் அன்று மட்டும் படுத்துவிடுகிறது. யாராவது செய்வினை வைத்திருப்பார்களா?

செய்வினை செக்ரோலில், அதாவது வேலைநாள்-சம்பளப் பதிவேட்டில்தான் இருக்கிறது. மற்ற நாளில் அன்றைய கொழுந்து நிறையை எழுதுவதோடு சரி. சம்பளக் கணக்கன்று முழுப் பேர், அரைப் பேர், மேலதிகக் கிலோ, அட்வான்ஸ், சேமலாப நிதி என்று ஒவ்வொரு ஆளுக்கும் மாதம் முழுவதையும் டிஸ்க்கிலிருந்து தோண்டி எடுக்கிறீர்கள். நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கும். வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி. முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் சின்ன வேலைகளில் செக்கனுக்கு 75 முதல் 100 வரைதான் முடிக்கும். அளப்பதென்றால் அன்றைக்கே அளந்து பாருங்கள். வேலை இல்லாத நாளில் எல்லா டிஸ்க்கும் நல்ல பிள்ளைதான்.

வாசகி, ஹட்டன்: லினக்ஸில் 'ஐயோஸ்டாட்' கட்டளை கொடுத்தால் திரை நிறைய எண்கள். எதைப் பார்ப்பது?

மூன்றே மூன்று. செக்கனுக்கு எத்தனை வேலை வருகிறது, ஒரு வேலை எத்தனை மில்லிசெக்கன் காத்திருக்கிறது, வரிசையில் எத்தனை நிற்கிறது. முதல் இரண்டையும் பெருக்கினால் மூன்றாவது வந்துவிடும்: செக்கனுக்கு 80 வேலை, ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிசெக்கன் என்றால் எந்நேரமும் 4 வேலை உள்ளே நிற்கும். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்துக் கொடுத்த கணக்கு இது. இன்னொன்று: ஐயோஸ்டாட் முதலில் காட்டும் அறிக்கை, சேர்வரைத் தொடக்கிய நாளிலிருந்து வந்த சராசரி. அதைத் தள்ளிவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள்.

வாசகர், தலவாக்கலை: நான்கு டிஸ்க்கின் சராசரிக் காத்திருப்பு 9 மில்லிசெக்கன்தான். ஆனாலும் அலுவலகத்தில் எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள். யார் பக்கம் நியாயம்?

திட்டுகிறவர்கள் பக்கம். 3, 3, 3, 27. கூட்டி நாலால் வகுத்துப் பாருங்கள், உங்கள் 9 வரும். கொழுந்து நிறுக்க நான்கு தராசு இருந்து, ஒன்றில் மட்டும் கூட்டம் முண்டியடித்தால், 'சராசரியாக வரிசை சிறியதுதான்' என்று அந்தக் கூட்டத்திடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

அந்த நான்காவது டிஸ்க்குக்கு வரும் வேலையையும் எண்ணுங்கள். மற்றவற்றைவிட அதிக வேலை வந்தால், சுமை பிரித்ததில் பிழை. வேலை சமமாக வந்தும் அது மட்டும் தாமதித்தால் டிஸ்க்குக்கே நோய். உடனே அது தன் உடல்நிலையைத் தானே சொல்லும் 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பாருங்கள். அதற்கு முன் பேக்கப் எடுங்கள்.

வாசகர், நுவரெலியா: சுமைதான் பிழை என்றால், பாரமானதைத் தூக்கிச் சும்மா இருக்கும் டிஸ்க்கில் போட்டால் தீர்ந்ததா?

சும்மா இருப்பது எந்த நேரத்தில் என்று பார்த்தீர்களா? நாள் கணக்கில் இளைப்பாறும் டிஸ்க், உங்கள் சம்பளக் கணக்கு ஓடும் அதே காலை 9 மணிக்கு பேக்கப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். மணி வாரியாகப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் நகர்த்தி, மறுபடி அளவெடுங்கள். ஈ.எம்.சி. நிறுவனத்தின் 'சிமெட்ரிக்ஸ் ஆப்டிமைசர்' இதைத் தானாகவே செய்தது: புள்ளிவிவரம் சேர்த்து, பரபரப்பான பகுதியையும் தூங்கும் பகுதியையும் இடம் மாற்றி வைத்தது. அந்த மென்பொருள் இல்லாத நமக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

வாசகர், பொகவந்தலாவை: ரெயிட் 5ஆ, ரெயிட் 10ஆ?

இரண்டுமே பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டும் முறைதான். இடம் வேண்டுமா, எழுதும் வேகம் வேண்டுமா? ரெயிட் 5இல் சின்னதாக ஒன்றை எழுத, பழைய தரவைப் படி, பழைய சரிபார்ப்புத் தரவை (பாரிட்டி) படி, புதிய இரண்டையும் எழுது என்று நான்கு வேலை. ரெயிட் 10இல் இரண்டு. செக்கனுக்கு 80 வேலை செய்யும் டிஸ்க் நான்கு இருந்தால், முன்னதில் செக்கனுக்கு 80 தடவை எழுதலாம், பின்னதில் 160. இடமோ முன்னதில் மூன்று டிஸ்க் அளவு, பின்னதில் இரண்டு. பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988இல் ரெயிட் கட்டுரையை எழுதியதே மலிவான டிஸ்க்குகளைச் சேர்த்துப் பிழைக்கத்தான். நாமும் அதே கட்சி.

வாசகி, நோர்வூட்: 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மின்சாரம் வந்த பிறகும் சேர்வர் நெடுநேரம் தள்ளாடியது. ஏன்?

எழுதும் காத்திருப்பு மட்டும் ஏறி, படிக்கும் காத்திருப்பு அப்படியே இருந்ததா? அப்படியானால் ரெயிட் அட்டையின் பேட்டரிதான் சந்தேக நபர். பேட்டரி இறங்கினால், தற்காலிக நினைவகத்தில் வாங்கி வைப்பதை அட்டை நிறுத்திவிட்டு, டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே 'சரி' சொல்லும். மெதுவானாலும் தரவு தப்பும். பேட்டரி ஏறும்வரை பொறுங்கள். ஏறவே இல்லையென்றால் மாற்றுங்கள்.

வாசகர், நானுஓயா: எஸ்.எஸ்.டி.க்கு ஐயோஸ்டாட்டின் 'யூட்டில்' 100 சதவீதம் காட்டுகிறது. வெடித்துவிடுமா?

வெடிக்காது. அந்த நேரம் முழுக்கக் குறைந்தது ஒரு வேலையாவது கையில் இருந்தது, அவ்வளவுதான். ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கும் எஸ்.எஸ்.டி.க்கும் ரெயிட் தொகுதிக்கும் 100 என்பது எல்லையல்ல. ஐயோஸ்டாட்டின் கையேடே இதை எச்சரிக்கிறது. காத்திருப்பு ஏறாதவரை கவலை வேண்டாம்.

வாசகர், கொட்டகலை: சேர்வரைப் பார்த்துக் கத்தினால் வேகம் கூடுமா?

குறையும்! சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக் 2008இல் டிஸ்க் அடுக்கின் முன் நின்று கத்தினார். காத்திருப்பு வரைபடம் சட்டென்று எகிறியதை வீடியோவிலேயே காட்டினார். அதிர்வு தட்டினால் முனை தடம் தவறும். கொழுந்து உருட்டும் ரோலர் மெஷின் சுவரை ஒட்டிச் சேர்வர் வைத்திருப்பவர்கள் கவனிக்க.

வாசகர், டயகம: புது டிஸ்க் கேட்டால், 'இருப்பதை வைத்து ஓட்டு' என்கிறார் தோட்டத் துரை.

கிலோக் கணக்கில் பேசிப் பழகியவரிடம் 'ஸ்லோவாக இருக்கிறது' என்று முனகினால் எடுபடாது. எந்த மணிக்கு, எந்த டிஸ்க், எத்தனை மில்லிசெக்கன் என்று ஒரே தாளில் எழுதி நீட்டுங்கள். நீட்டுவதற்கு முன், சம்பளக் கணக்கோடு மோதும் பேக்கப் இருந்தால் அதை இரவுக்கு மாற்றி, அடுத்த சம்பளக் கணக்கன்றும் அளந்துவிடுங்கள். புது டிஸ்க் தேவையே இல்லை என்று தாள் சொன்னால், துரை சொன்னதுதான் சரி. அதை அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.