சும்மா வந்தேன்னு சொல்லிக் கேக்குற வித்தை

என்ன தாயி, காலேஜ் லைப்ரரி வேலைக்குப் போனதுலருந்து முகம் வாடிக் கிடக்கு? குடுத்த புத்தகம் திரும்பலையாக்கும்! நான் குடுத்த கடப்பாரை வீடு வந்து சேர ஒம்போது மாசம் ஆச்சு. நேராக் கேட்டா பகை. ‘சும்மா வந்தேன்’னு போயி, மோரக் குடிச்சு, மழையப் பேசி, செருப்ப மாட்டுறப்பத்தான் “நம்ம கடப்பாரை சௌக்கியமா?”ன்னு கேக்கணும். ஒங்க கோஹா மென்பொருள் வந்து அந்த மோருச் செலவையும் மிச்சமாக்கிருச்சு.

நியூசிலாந்துல ஹொரோஃபெனுவாங்கிற பக்கத்து லைப்ரரிக்காகச் செஞ்சு, 2000 ஜனவரியில ஓடத் தொடங்கினதுன்னு நீதான் சொன்ன. மாவோரி பாசையில கோஹான்னா, விருந்தாளி கொண்டாந்து வைக்கிற அன்பளிப்பு. பின்னால திருப்பிச் செய்யவும் வேணுமாம். அட, நம்ம மொய்! நோட்டு இல்லாம மொய் ஏது?

கோஹாவுல ஹோல்டுங்கிறது வரிசையில துண்டு போட்டு வைக்கிறது. புத்தகத்த வச்சிருக்கவன் தன் தேதி வரைக்கும் வச்சுக்கிடலாம்; நீட்டிக் கேட்டாத்தான் ‘ஆள் காத்திருக்கு’ன்னு மறிக்கும். ரீகால் அப்பிடியில்ல, குடுத்த தேதியவே வெட்டிப்புடும். 2022 மே மாசப் பதிப்புலதான் கோஹாவுக்குள்ள வந்துச்சாமே. நீ திறந்துவிட்டாத்தான் ஓடும். எத்தன நாள் கெடு, தவறுனா என்ன அபராதம்னு விதியில எழுதுறதும் நீதான். ஒரு நாள்னு போட்டுறாத, லீவுக்கு ஊருக்குப் போன பய பஸ்ஸேறி வர வேணாமா? இருபது நாளும் குடுக்காத. அதுக்குப் பேரு ரீகால் இல்ல, கெஞ்சல்.

ஆராய்ச்சிங்கிற பேருல புத்தகத்த அடைகாக்குற பேராசிரியர்மாரு இருப்பாங்களே, அவுகள நீ கேக்காத. மெயில் போகட்டும். கோவமா வந்து நின்னா, “மெசினு அனுப்பிருச்சு சார், நான் என்ன பண்ண?”ன்னு கையப் பிசை. விதி எழுதுன கை அதுதான்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?

அவசரம்னு குதிச்சவன் கூத்து இன்னொண்ணு. பிடுங்கிக் கொண்டாந்து ஷெல்ஃப்புல வச்சா எட்டிப் பாக்க மாட்டான். மறுவீட்டுக்கு வராத மாப்பிள்ளைக்குப் போட்ட எலை மாதிரி காஞ்சு கிடக்கும். எடுத்து வச்சத வாங்கிக்கிட கோஹா முதல்லயே ஏழு நாள்னு கணக்கு வச்சுத்தான் வருது. கெடு முடிஞ்சா தானா ரத்தாகுற மாதிரி வச்சிரு, அடுத்தவன் கூப்புடு தூரத்துலதான் நிப்பான்.

வரிசைய மாத்துற அம்புக்குறி ஒன் கையில இருக்குன்னு தெரிஞ்சா, ஒன் அத்த மகன் பல்லக் காட்டிக்கிட்டு வருவான். ஹோல்டுல யாரு கை வச்சாலும் பதிஞ்சு வைக்கிற வசதி ஒண்ணு இருக்குல்ல, அதப் போட்டு வையி. போட்டத அவன்கிட்ட மறக்காமச் சொல்லு.

கடப்பாரையா? அந்தா, குதிருக்குப் பின்னால சாத்தி வச்சிருக்கேன். கீழவீட்டுக்காரன் வந்தா மட்டும் காட்டிப்புடாத தாயி. நான் இரவல் வாங்குனதே அவன்கிட்டத்தான்.