யார் சார் இதை மாட்டினது?

திருவான்மியூரில், கடலுக்குப் பக்கத்தில் வீடு என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் லேசாகப் பொறாமை படரும். “கடல் காத்து ஜிலுஜிலுன்னு வருமே!” வரும். மதியத்துக்கு மேல் வரும், கூடவே உப்பையும் கூட்டிக்கொண்டு. ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், மகனின் சைக்கிள் செயின் எல்லாவற்றையும் ருசி பார்த்துவிட்டு, பால்கனிக்கு வெளியே ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் ஏசியின் அவுட்டோருக்கு வந்து சேரும். அதன் முதுகில் சீப்புப் பற்கள் மாதிரி அடுக்கியிருக்கும் அலுமினியத் தகடுகளைச் சில கோடைகளிலேயே பொடியாக்கிவிடும். வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே கொட்டுவது அந்தத் தகடுகள்தான். அவை உதிர்ந்தபின் கம்ப்ரஸர் மூச்சுமுட்ட ஓடும், கரண்ட் மீட்டரும் கூடவே ஓடும், அறை மட்டும் இருந்தபடியே இருக்கும்.

அப்போது மெக்கானிக் வருவார்.

பல மெக்கானிக்குகள் வந்துபோன வீடு இது. பேசுபவர், பேசாதவர், ஏணியோடு வருபவர், எங்கள் டைனிங் நாற்காலியை ஏணியாக்குபவர். ஒரு விஷயத்தில் மட்டும் அத்தனை பேரும் ஒரே குருகுலம். ஏசியைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்ப்பார்கள். உச்சுக் கொட்டுவார்கள். பிறகு அந்தக் கேள்வி: “யார் சார் இதை மாட்டினது?”

ஒருவருக்கு பைப் நீளம் ஜாஸ்தி. இன்னொருவருக்கு ஸ்டாண்டு கோணல். மற்றொருவர் சுவரில் போட்ட ஓட்டையையே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருமுறை வந்தவரை எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. அவரும் அதே கேள்வியைக் கேட்டார். “நீங்கதாங்க, போன சித்திரையில கழட்டி மாட்டினீங்க” என்றேன். மனிதர் அசரவில்லை. “அப்ப நல்லாத்தான் சார் இருந்துச்சு. நடுவுல யாரோ கை வெச்சிருக்காங்க.”

அடுத்த வசனம், “கேஸ் கம்மியா இருக்கு சார்.” உடனே சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: “போன வாரம்தானேடா சிலிண்டர் மாத்தினோம்?”

அம்மாவின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அடுப்பு கேஸ் எரிந்து தீரும். ஏசிக்குள் இருப்பது தீர்ந்துபோகிற பண்டமே அல்ல. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறி, உள்ளே சூட்டை வாங்கி வெளியே விட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும். வருடங்கள் போனாலும் அதே கேஸ்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து, வெல்டிங் வைத்து அடைத்து, பைப்புக்குள் புகுந்த காற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் நிரப்ப வேண்டும். இதை ஒரு மெக்கானிக்கிடம் சொன்னேன். “சார் எந்தக் கம்பெனில இருக்கீங்க?” என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே, எதையும் தேடாமல் நிரப்பிவிட்டுப் போனார். ஆடி பிறப்பதற்குள் அது கடல் காற்றோடு கலந்துவிட்டது.

இத்தனைக்கும் ஏசி நம்மிடம் எதிர்பார்ப்பது ரொம்பக் கொஞ்சம். முன்மூடியைத் தூக்கினால் வலை மாதிரி ஃபில்டர் இருக்கும். உருவி, குழாயடியில் காட்டி, நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும். ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டுகிற புழுதி, அம்மாவின் சாம்பிராணி, தாளிக்கும் எண்ணெய்ப் புகை எல்லாம் சேர்ந்து அந்த வலையில் ஒரு கம்பளியே நெய்து வைத்திருக்கும். காற்று எந்த வழியாக நுழையும்? மாதா மாதம் இதைக் கழுவுவது யார் பொறுப்பு என்பதில் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடே கிடையாது: மற்றவர் பொறுப்பு.

அடுத்தது தண்ணீர். 1902-ல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் எஞ்சினீயர் இந்த இயந்திரத்தை வடிவமைத்தது புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக. ஈரக் காற்றில் காகிதம் உப்பி, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காராமல் படுத்தியது. ஆக, காகிதத்துக்கு வியர்க்காமல் பார்த்துக்கொள்ளப் பிறந்ததுதான் ஏசி. மனிதன் பிற்பாடு வந்து க்யூவில் நின்றவன். அந்தக் குலத்தொழிலை அது இங்கேயும் விடவில்லை. அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துப்போகிற ஊர்க் காற்றைப் பிழிந்து டிரெயின் பைப்பில் விடுகிறது. பைப்புக்குச் சரிவு போதாவிட்டாலும், பாசி அடைத்தாலும், அந்தத் தண்ணீர் நேராக முருகன் காலண்டர்மேல் இறங்கும். ஒழுங்காக ஓடினால் வாளியில் சேரும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே லாரிக்காகக் குடத்தோடு நின்றபோது, அந்த வாளித் தண்ணீரில்தான் அம்மா வீடு துடைத்தார். ஏசியை அணைக்கச் சொல்லாத ஒரே கோடை அதுதான்.

மற்ற கோடைகளில் நடப்பது வேறு. 2020-லிருந்து விற்கிற அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்தது. எங்களுடையது அதற்கும் மூத்தது, சட்டத்துக்கு அப்பாற்பட்டது. மகன் 16 வைப்பான். சீக்கிரம் குளிருமாம். அந்தக் காலத்து கம்ப்ரஸருக்கு இருப்பது ஒரே வேகம். 24 வைத்தாலும் அதே ஓட்டம்தான், 16 என்றால் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓடும். நடு இரவில் போர்வைக்குள்ளிருந்து அம்மாவின் கை மட்டும் வெளியே வந்து ரிமோட்டைத் தேடும். காலையில் ரிமோட் அவர் தலையணைக்கு அடியில் இருக்கும், மகன் வியர்த்துக் கிடப்பான்.

ஒரு கத்திரி வெயிலில் கம்ப்ரஸர் நின்றே போனது. கடைக்குப் போனோம். “எங்களோடது ஃபைவ் ஸ்டார்” என்று என் மனைவி பெருமையோடு ஆரம்பித்தாள். “அது அப்போ மேடம்” என்றான் விற்பனைப் பையன். 2022 ஜூலையில் ஸ்டார் அளவுகோலையே உயர்த்திவிட்டார்கள். ஐந்தாக இருந்தது நான்காகிவிட்டது. சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்ததற்குப் பதவி இறக்கம்! தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் ஏசியாக, உப்பைத் தாங்க நீலப் பூச்சு பூசிய காயிலோடு வாங்கினோம். விலை வலித்தது. ஆனால் இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட்டை ஏற்றுகிற ஊரில் அந்த வலி தேவலை.

“ஒன்றரை டன்னா? சுவர் தாங்குமாடா?” என்றார் அம்மா. அது எடைக் கணக்கில்லை, ஒரு டன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்கத் தேவையான சூட்டின் கணக்கு என்று விளக்கினேன். அம்மா பிறந்து வளர்ந்தது ஐஸ் ஹவுஸ் பக்கம் என்பதால், 1842-ல் கட்டிய அந்தக் கட்டடத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை அடுக்கி வைத்த கதையையும் சேர்த்துக்கொண்டேன். பொறுமையாகக் கேட்டார். “அதுக்கு சர்வீஸ் பண்ண ஆள் வரலையே” என்றார்.

பழைய ஏசியை எடுத்துப்போக காயலான் கடைக்காரர் வந்தார். மூடியைக் கழற்றி, காயிலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “சுத்தமான காப்பர் சார். இந்த மாதிரி மெஷினெல்லாம் இப்ப வர்றதில்ல. எதுக்கு சார் மாத்துனீங்க?” அத்தனை வருட சர்வீஸில் அதைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்ன முதல் மனிதர். அந்தத் தைரியத்தில், விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள் என்றேன்.

“எங்க சார்,” என்றார், “உள்ள கேஸே இல்லையே.”