பாஸைப் பிடிக்க எட்டு வழிகள்

ஆபீஸ் பாஸைக் காக்கா பிடித்தால் போதும். ஏரியில் இருக்கும் பாஸ் மீன் அதற்கெல்லாம் மசியாது. அதற்குப் புழு வேண்டும். தோட்டத்தில் மண்ணைக் கிளறினால் சும்மா கிடைக்கிற புழுவைச் சொல்லவில்லை. பத்து உருப்படிக்கு ஏழெட்டு டாலர் கொடுத்து வாங்குகிற பிளாஸ்டிக் புழுவைச் சொல்கிறேன்.

டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் லேக் ஃபோர்க். 27,000 ஏக்கர் நீர்த்தேக்கம். 1980-இல் தண்ணீர் தேக்கியபோது உள்ளே நின்ற மரங்களில் பலவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். பட்ட மரங்கள் இன்றும் தண்ணீருக்குள் நிற்கின்றன. மீனுக்கு அது மறைவிடம், எனக்கு அது புழுக்களின் இடுகாடு. நாலு வருஷமாக அங்கே போய்வருகிற தகுதியில்தான் இந்தக் கையேட்டை எழுதுகிறேன். எத்தனை மீன் பிடித்தேன் என்று கேட்காதீர்கள். எத்தனை பாக்கெட் புழு வாங்கினேன் என்று கேளுங்கள், துல்லியமான கணக்கு இருக்கிறது. வீட்டில் வைத்திருக்கிறார்கள்.

1. மீனைப் பற்றித் தெரிந்துகொள்ளாதீர்கள்

பெயர்தான் பாஸ், சாதியில் அது சன்ஃபிஷ் குடும்பம். நாம் தேடுவது அகன்ற வாய்க்காரன், அதாவது லார்ஜ்மவுத். வாயை மூடியிருக்கும்போதே மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போயிருக்கும். நம்மூர் விரால் மாதிரி கட்டை மறைவிலும் பாசிக்குள்ளும் அசையாமல் கிடந்து, பக்கத்தில் வருவதைச் சட்டென்று வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். நண்டோ குஞ்சு மீனோ தவளையோ, வாயில் அடங்கினால் அதற்குச் சம்மதம்தான். இது தெரிந்துவிட்டால் ஒரு பாக்கெட்டோடு கடையைவிட்டு வெளியே வந்துவிடுவீர்கள். ஆகவே தெரிந்துகொள்ள வேண்டாம்.

2. எல்லா உருவத்திலும் ஒன்று வாங்குங்கள்

1949-இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் ஊரில் நிக் க்ரீம் என்பவரும் அவர் மனைவியும் நிஜப் புழுவை அச்செடுத்து, வினைலைக் காய்ச்சி ஊற்றி, முதல் பிளாஸ்டிக் புழுவை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கம்பெனி பிறகு டெக்சஸில் இருக்கும் டைலருக்குக் குடிபெயர்ந்தது. எங்கள் ஏரியிலிருந்து அது கூப்பிடு தூரம். அன்றைக்கு இருந்தது ஒரே உருவம். இன்றைக்கு வால் சுருண்டது, வால் துடுப்பானது, கொடுக்கு வைத்தது, பல்லி, தவளை, குழாய் என்று ஒரு சுவர் முழுக்கத் தொங்குகின்றன. 

இவற்றில் சென்கோ என்று ஒன்று. கேரி யமமோட்டோ கண்டுபிடித்தது. வால் இல்லை, கொடுக்கு இல்லை, வளைவு இல்லை. மூடி போட்ட பேனா மாதிரி இருக்கும். உப்பு நிறையக் கலந்திருப்பதால் ஈயம் கட்டாமலே மூழ்கும். மூழ்கும்போது இரண்டு முனையும் லேசாக நடுங்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. பார்க்க ஒன்றும் செய்யாத மாதிரி இருந்துகொண்டு, மற்ற எல்லாரையும்விட அதிகம் சாதிக்கும் ஆள் உங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். அவரையும் முதலில் யாரும் மதித்திருக்க மாட்டார்கள். நானும் சென்கோவை முதல் வருஷம் தொடவில்லை. கொடுக்கும் வாலும் உள்ளவற்றைத்தான் வாங்கினேன்.

3. நிறத்தில் சமரசம் கூடாது

கலங்காத தண்ணீருக்குப் பச்சையும் பழுப்பும் கலந்த இயல்பான நிறம். கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு-நீலம். விதி இவ்வளவுதான், ஒரு வரியில் முடிந்துவிட்டது. ஆனால் கடையில் இருப்பவை: கிரீன் பம்ப்கின், வாட்டர்மெலன், வாட்டர்மெலனில் சிவப்பு மினுக்கு, ஜூன் பக், மோட்டார் ஆயில். கடைசியாகச் சொன்னது கிண்டல் இல்லை. என்ஜின் ஆயில் நிறத்தில் ஒரு புழு உண்மையாகவே இருக்கிறது.

தி.நகர் பட்டுக் கடையில் மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெந்தயக் கலர் என்று விரித்துப் போடுகையில் “எல்லாம் ஒண்ணுதானே” என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதே நான் பச்சைப் பூசணிக்கும் பச்சைப் பூசணியில் ஊதா மினுக்குக்கும் நடுவே முக்கால் மணி நேரம் நின்றேன். கூட வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையில் இருந்து போனை எடுத்து என்னைப் படம் பிடித்துக்கொண்டார்.

4. மணம் முக்கியம்

புழுக்களில் உப்பு கலக்கிறார்கள். பூண்டு வாசனை ஏற்றுகிறார்கள், சோம்பு வாசனை ஏற்றுகிறார்கள். புளியைக் கரைத்து ஊற்றினால் குழம்பு தயார். வாசனை பிடித்துப்போய் மீன் துப்பாமல் ஒரு நொடி கூடுதலாக வைத்திருக்கும் என்பது கம்பெனிக்காரர்களின் வாக்கு. அந்த வாசனை காரில் ஆறு மாதம் இருக்கும் என்பது என் வாக்கு.

பழ வாசனையும் உண்டு. அலபாமா மாநிலம் யூஃபாலாவில் டாம் மான் என்பவர் ஜெல்லி வார்ம் என்று பழ மணம் வீசும் புழுக்கள் செய்து விற்றார். அவரே ஸ்ட்ராபெரிப் புழுவால் 1973-இல் ஒரு பாஸைப் பிடித்தார். அதன் முறைப்பில் மயங்கி, சமைக்காமல் கண்ணாடித் தொட்டியில் வளர்த்தார். லிராய் பிரவுன் என்று பெயரும் வைத்தார். அது செத்தபோது தூண்டில் சாமான் பெட்டியில் கிடத்தி, பள்ளிக்கூடப் பேண்டு வாசிக்க, நூற்றுக்கணக்கானவர்கள் கூடி அடக்கம் செய்து பளிங்கில் கல்லறை எழுப்பினார்கள். புழுவுக்கு ஏமாந்த மீனுக்கே இவ்வளவு மரியாதை. புழுவுக்கு ஏமாந்த மனிதர்களுக்கு இதுவரை ஒரு செங்கல்கூட யாரும் நட்டதில்லை.

5. கோர்க்கும்போது பதற்றப்படுங்கள்

புழுவை முள்ளில் கோர்க்க டெக்சஸ் முறை என்று ஒன்று உண்டு. முதலில் தூண்டில் நரம்பில் துப்பாக்கித் தோட்டா வடிவ ஈயத்தைக் கோர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கழுத்து வளைந்த முள்ளைக் கட்டுங்கள். முள்முனையைப் புழுவின் தலையில் கால் அங்குலம் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் காது வரை புழுவை ஏற்றுங்கள். முள்ளைத் திருப்பி, முனை எந்த இடத்துக்கு வருகிறதென்று அளந்து பார்த்து, அங்கே உடம்புக்குள் செருகுங்கள். முனை வெளியே தெரியக் கூடாது. அப்போதுதான் பாசியிலும் கட்டையிலும் மாட்டாது. புழு நேராகத் தொங்க வேண்டும். முறுக்கிக்கொண்டு தொங்கினால் தண்ணீரில் சுழலும், நரம்பு சிக்காகும்.

சென்கோவுக்கு இன்னும் சுலபம். புழுவின் நட்டநடுவில் முள்ளைக் குத்தித் தொங்கவிட வேண்டும். இதற்கு வாக்கி முறை என்று பெயர், கிறுக்குத்தனம் என்று அர்த்தம். பிளாஸ்டிக்கில் நேராகக் குத்தாமல் நடுவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி அதில் முள்ளைக் கோர்த்தால் ஒரு புழு பல வீச்சுக்கு வரும். இந்த வளையத்தை ஒருவரும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள். புழு சீக்கிரம் கிழிந்தால்தானே வியாபாரம்.

6. வீசிய உடனே இழுங்கள்

இழுத்தால் மீன் வராது; ஆனால் ஏதோ வேலை செய்கிறோம் என்ற திருப்தி வரும். மீன் வேண்டுமென்றால் வேறு வழி: புழு தரையைத் தொடும் வரை சும்மா இருக்க வேண்டும். பிறகும் சும்மா இருக்க வேண்டும். கம்பின் நுனியை ஒரு சாண் உயர்த்தி, மறுபடி இறக்கி, மறுபடி சும்மா இருக்க வேண்டும். குளிர்காலத்தில் அதிலும் பாதி வேகம், ஏனென்றால் தண்ணீர் குளிர்ந்தால் பாஸின் உடம்பும் குளிர்ந்து சோம்பிப் போகும். நிறத்துக்கும் மணத்துக்கும் கொடுத்த காசை இந்தச் சும்மா இருத்தலுக்குக் கொடுத்திருக்கலாம். பாக்கெட்டில் போட்டு விற்காததால் யாரும் வாங்குவதில்லை.

கடித்தால் பெரிய இழுப்பெல்லாம் இருக்காது. விரலில் ‘டக்’ என்று ஒரு தட்டு, அல்லது நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகரும். தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டுக் கம்பைப் பலமாக வெட்டி இழுக்க வேண்டும். முதல் வருஷம் நான் வெட்டி இழுத்ததில் முக்கால்வாசி 1980-இல் மூழ்கிய மரங்கள். எடையில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

7. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுங்கள்

இந்தப் புழுக்கள் பிவிசி பிசினில் இளக்கி எண்ணெய் சேர்த்துச் செய்தவை. இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும் இன்னொரு வகைப் பிளாஸ்டிக்கிலும் புழு வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டெக்சஸ் ஆகஸ்ட் மாதத்தில் கார் டிக்கியில் விட்டுப் பாருங்கள். மறுவாரம் பெட்டியில் பல்லியும் தவளையும் நண்டும் கட்டிப்பிடித்து உருகி ஒரே குடும்பமாக இருக்கும். நிறம் என்ன என்கிறீர்களா? மோட்டார் ஆயில். வாங்கி வந்த பையிலேயே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

8. வெறுங்கையோடு வீடு திரும்புவது எப்படி

இதற்கு லேக் ஃபோர்க்கில் சட்டமே துணை நிற்கிறது. பதினாறு அங்குலத்துக்கு மேல், இருபத்து நாலுக்குக் கீழ் இருக்கும் பாஸை எடுத்துப் போகக் கூடாது, விட்டுவிட வேண்டும். 

“ஏங்க, மீன் எங்கே?”

“பதினேழு அங்குலம்மா. விட்டுட்டேன்.”

“போன வாரமும் பதினேழுதான் சொன்னீங்க.”

“அதே மீனா இருக்கும்.”

இனி கிண்டல் இல்லாமல் கொஞ்சம். உலக சாதனை பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெரி பிடித்தார். பொருளாதார மந்தக் காலம், வீட்டில் அதைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அவர் போட்டது போலிக் குட்டி மீன். பிளாஸ்டிக் புழு பிறக்க இன்னும் பதினேழு வருஷம் இருந்தது. அதைச் சமன் செய்தவர் 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிடா. போட்டது உயிருள்ள மீன். டெக்சஸ் சாதனை 18.18 பவுண்டு, 1992, எங்கள் லேக் ஃபோர்க்கிலேயே. போட்டது உயிருள்ள பொடி மீன். அந்த மனிதர் பாஸ் பிடிக்கவே வரவில்லை, வேறு மீனுக்கு உட்கார்ந்திருந்தார். மூன்றிலும் பச்சைப் பூசணி இல்லை, பூண்டு வாசனை இல்லை.

அதற்காகப் பிளாஸ்டிக் புழு வீண் என்று சொல்லவில்லை. மெத்தென்று இருப்பதால் பாஸ் அதை உடனே துப்பாமல் வைத்திருக்கும். என்னைப் போன்ற மந்த விரல்காரனுக்கும் அந்த ஒரு நொடி கிடைக்கும். ஒரு பாக்கெட் பச்சை சென்கோ, ஒரு பாக்கெட் கறுப்பு-நீலப் புழு, நாலு முள், ரெண்டு ஈயம் போதும். மிச்சக் காசில் வீட்டில் கேட்டதை வாங்கிக் கொடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கிழிந்த புழுவை ஏரியில் எறியாதீர்கள். அது மட்காது, மீன் விழுங்கினால் வயிற்றுக்குள் ஊதிக் கிடக்கும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். துணி துவைக்கப் போடுமுன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.