பந்தி ஆலோசகர்கள்

போன வாரக் கல்யாணத்தில் பக்கத்து இலைக்காரர், பாயசம் வருவதற்குள் என் தம்பி மகனின் வாழ்க்கையை முடிவு செய்துவிட்டார். "மெக்கானிக்கலா? ஐயையோ! ஏ.ஐ. எடுக்கச் சொல்லுங்க சார்." பையன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். தொழில் உலகம் மாறுகிற வேகத்துக்குப் படிப்பு எப்படி மாற வேண்டும் என்று எனக்குத் தெளிவான கருத்து ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்த ஆலோசகர்களை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் முடித்தபோது, டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் இருந்தால் ஆயுசுக்கும் கவலையில்லை என்றார்கள். 1984-ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்ததும், நிலத்தை விற்றாவது பி.இ. என்றார்கள். 2000 பிறந்தால் கணினிகளெல்லாம் குழம்பிவிடும் என்று உலகம் நடுங்கியபோது, கோபால் (COBOL) என்ற கணினி மொழி படித்தவனுக்கு அமெரிக்க விசா ரெடி என்றார்கள். எங்கள் தெரு கோபாலுக்கே கிடைக்கவில்லை. டாட்காம் கம்பெனிகள் கவிழ்ந்ததும், "கம்ப்யூட்டர் முடிஞ்சுபோச்சு, இ.சி.இ. சேரு." ஐ.டி. மறுபடி எழுந்ததும், "நான்தான் அப்பவே சொன்னேனே!" 2008-ல் லேமன் பிரதர்ஸ் திவாலானதும், "பேங்க் பரீட்சை எழுது." இப்போது ஏ.ஐ. என்கிறார்கள். இதையெல்லாம் அடித்துச் சொல்வது யார்? ஒரே ஆபீசில் சேர்ந்து, அங்கேயே ரிடையர் ஆனவர். தொழில் உலகில் அவர் கண்ட ஒரே மாற்றம், மேஜையை ஃபேனுக்கடியில் நகர்த்திப் போட்டது.

கல்லூரிகளாவது தேவலையா? எனக்குத் தெரிந்த ஒன்றில் சிவிலுக்கு ஆள் சேரவில்லை. போர்டை மாற்றி டேட்டா சயின்ஸ் ஆக்கிவிட்டார்கள். வாத்தியார்கள் அதே, லேபில் தொங்கும் பூட்டும் அதே. ஃபீஸ் மட்டும் புதுசு.

கம்பெனிக்கேற்ற படிப்பு என்பது இன்றைய கண்டுபிடிப்பும் இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் சர்வே பள்ளியாகத்தான் பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேண்டியிருந்தது. இன்று டி.சி.எஸ். பாடத்திட்டம் வகுத்துக் கொடுத்து, கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்டு பிசினஸ் சிஸ்டம்ஸ் என்றே ஒரு படிப்பு நடக்கிறது. கம்பெனி மாறிக்கொண்டே இருக்கும். படிக்கிற பையனுக்குத்தான் நாலு வருஷமும் கடனும்.

என் தெளிவான கருத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது, பெரிய நஷ்டமில்லை. பெரியவர்களே, கவுன்சலிங் நேரம். ஒரு பி.டி.எஃப். கோப்பைப் பேரனைக் கூப்பிடாமல் நாமாக அனுப்பக் கற்றுக்கொள்வோம். அவன் எதைப் படிக்கலாம் என்று அதற்கப்புறம் சொல்வோம்.